தூக்க முடிந்தால் ஓட்டலாம்

மோட்டார் சைக்கிள் என்றதும் பெரும்பாலோருக்கு வேகமே நினைவுக்கு வரும். எமக்கு நினைவுக்கு வருவது பாரம். எம்மிடமுள்ள யந்திரம் பெற்றோல் நிரப்பி நிறுத்தினால் 256 கிலோகிராம். மூன்று புசல் நெல் கொள்ளும் மூட்டைகள் நான்கை ஒன்றாகக் கட்டி, அவற்றுக்கு இரண்டு சில்லுகளும் ஒரு விளக்கும் பூட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். தார் வீதியிலே இந்தப் பாரம் தெரிவதில்லை. உருளத் தொடங்கிய கணமே அது எங்கோ மறைந்துவிடும். தாரை விட்டு மணலில் இறங்கும்போதுதான், மறைந்திருந்தது முழுவதும் ஒருங்கே வந்து கைப்பிடியிற் குந்திக்கொள்ளும்.

இப்படியான வண்டியை ஒருவர் ஏன் வாங்குகிறார், வாங்கியபின் எப்படிப் பேணுகிறார், அதைக் கொண்டு பாலைநிலத்திலே திரிவதில் என்ன சுகம் கண்டார் என்று ஊரிலுள்ள உறவினர் பலர் தொலைபேசியிற் கேட்கின்றனர். மாணவராயிருக்கும் மருமக்கள் சிலருக்கோ அதன் விலையும் உச்ச வேகமும் தெரிந்தாற் போதும். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மறுமொழியாக இதனை எழுதுகிறோம். விலையை மாத்திரம் சொல்லப்போவதில்லை. எமது இல்லத்தரசியும் இப்பகுதியைத் தவறாமற் படிப்பவர்.

நாம் வாழ்வது தென் அவுஸ்திரேலியாவில், அடிலெயிட் நகரில். அங்கிருந்து வடக்கு நோக்கி 700 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாகச் சென்றால் மரீ என்றொரு சிற்றூர் வரும். மரீயிலிருந்து ஊட்நடட்டா வழியாக மார்லா வரை செல்கிறது ஒரு மண்பாதை. ஏறத்தாழ 620 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பி அனுராதபுரத்தைத் தாண்டும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு தூரத்துக்கும் இடையிலே பெற்றோல் கிடைக்கும் ஊர்கள் இரண்டே: வில்லியம் கிரீக், ஊட்நடட்டா. ஒவ்வோர் இடைவெளியும் ஏறக்குறைய 200 கிலோமீற்றர். ஊட்நடட்டாவிலே 1960ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி நிழலிற் பதிவான வெப்பம் 50.7 பாகை செல்சியஸ். ஆகவே பயணத்துக்குரிய காலம் அந்நாட்டின் குளிர்காலமாகிய ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களே.

அந்தப் பாதை எவரும் கோடு கீறி வகுத்ததன்று. நிலத்தடி நீர் தானாகவே மேலெழுந்து வரும் ஊற்றுகள் அப்பிரதேசத்திலே வரிசையாக உள்ளன. ஆதிக்குடிகள் அவ்வூற்றுகளைப் பற்றிக்கொண்டு நடந்தனர். அவர்களுக்குப் பின் வந்த வெள்ளையரும் அதே வழியை நாடினர். 1872இல் முற்றுப்பெற்ற தந்திக் கம்பி அவ்வழியே சென்றது. பின்னர் புகையிரதமும் அவ்வழியே சென்றது. புகையிரதம் வருமுன்னரும் வந்தபின்னரும் உள்நாட்டுக்குச் சாமான் சுமந்தவை ஒட்டகங்கள். அவற்றை நடத்தியவர்கள் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும், அக்கால இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் வந்தோர். அந்தப் பழைய இருப்புப்பாதை 1980இல் மூடப்பட்டது. இன்றும் வழிநெடுகச் சிதைந்த பாலங்களும் கூரையிழந்த நிலையங்களும் நிற்கக் காணலாம்.

அதே 1980இலேதான் ஜெர்மனியில் எமது யந்திரத்தின் பாட்டனார் பிறந்தார். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்ட அந்த வண்டியின் பெயர் ஆர் 80 ஜி/எஸ். ஜி என்பது கரடுமுரடான நிலத்தையும், எஸ் என்பது வீதியையும் குறிக்கும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள். இரண்டிலும் ஓடவல்லது என்பது கருத்து. 800 கன சென்றிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த எஞ்சின், 50 குதிரைவலு, 186 கிலோகிராம். மறுவருடமே ஹூபேர் ஓரியோல் என்னும் பிரெஞ்சுக்காரர் அவ்வகை வண்டியிற் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை வென்றார். 1984இலும் 1985இலும் அதே பந்தயத்தைப் பி.எம்.டபிள்யூ. வண்டியிலேயே வென்ற கஸ்தோன் ரஹியே என்னும் பெல்ஜியர் உயரத்திற் குறுகியவர். உயரம் போதாதென்று தயங்கும் இளைஞருக்கு அவர் பெயரை நாம் சொல்வதுண்டு.

பாட்டனாருக்கு 186, பேரனுக்கு 256. முப்பது ஆண்டுகளில் 70 கிலோகிராம், அதாவது வளர்ந்த ஓர் ஆளின் நிறை, வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பெரிய எஞ்சின், பெரிய தாங்கி, காற்றுத் தடுப்புக் கண்ணாடி, சூடேறும் கைப்பிடி என்று வாங்குவோர் ஒவ்வொன்றாய் விரும்பிக் கேட்டார்கள்; கேட்டதெல்லாம் வந்தது. விளம்பரப் படங்களிலே இவ்வகை வண்டிகள் எப்போதும் மணற்குன்றின் உச்சியிலே பறந்துகொண்டிருக்கும். நடைமுறையிலோ, எமது நகரில் நாம் காண்பவற்றுட் பெரும்பாலானவை கோப்பிக்கடை வாசலைத் தாண்டி எங்கும் போனதாகத் தெரியவில்லை. அதனைக் குற்றமென்று சொல்லமாட்டோம். அவரவர் பணம், அவரவர் கோப்பி.

மரீயைத் தாண்டியதும் நாம் முதலிற் செய்வது ரயர்களிலுள்ள காற்றைக் குறைப்பது. தார் வீதிக்கு முன்சில்லில் 36 இறாத்தல், பின்சில்லில் 42 இறாத்தல் அமுக்கம் வைத்திருப்போம். மண்ணிலே இரண்டையும் 28க்கு இறக்குவோம். காற்றுக் குறைந்த ரயர் சற்றுப் பரந்து மண்ணைப் பற்றும். ஆயினும் மனம்போலக் குறைத்துவிடலாகாது. பாதையிற் கிடக்கும் கற்களில் மோதினாற் சில்லின் வளையமே நெளிந்துபோகும்.

அடுத்தது தகரம். மண்பாதையிலே வாகனங்கள் ஓடி ஓடி, குறுக்கே வரிவரியாக, நம் வீட்டுத் தகரக் கூரையைப் போன்ற நெளிவு உண்டாகிவிடும். மெதுவாகப் போனால் ஒவ்வொரு நெளிவிலும் பல்லுக் கழன்றுவிடும் போலிருக்கும். எழுபது எண்பது கிலோமீற்றர் வேகத்துக்கு ஏறினால், சில்லுகள் நெளிவின் முகடுகளை மாத்திரம் தொட்டுத் தொட்டுச் செல்ல, நடுக்கம் அடங்கிவிடும். ஆனால் தொட்டுத் தொட்டுச் செல்லும் சில்லுக்கு நிலத்திற் பிடிப்பும் பாதிதான். நடுக்கம் அடங்கியதை ஆபத்து அடங்கியதாக எண்ணலாகாது.

இப்பாதைகளில் இருக்கையில் அமர்ந்து ஓட்டுவது அரிது. கால்தாங்கிகளின் மேல் எழுந்து நின்றே ஓட்டவேண்டும். நின்றால் ஈர்ப்பு மையம் தாழ்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது சரியன்று, ஆள் எழுந்தால் மையம் உயருமேயன்றித் தாழாது. நன்மை வேறிடத்தில் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும்போது முழங்கால்கள் வில்லாகின்றன. கீழே வண்டி துள்ளினாலும் மேலே உடல் அமைதியாக இருக்கிறது. வண்டியை அதன் போக்கிலே சற்று ஆடவும் விடலாம். பாரவண்டியின் இரகசியம் முழுவதும் இந்த ஆட விடுதலில் அடங்கியிருக்கிறது என்றே சொல்வோம். மணலிலே முன்சில்லு பாம்புபோல நெளியும். பயந்து இறுகப் பிடித்தவன் விழுவான். தளர்த்திப் பிடித்து, பார்வையைத் தூரத்தில் நிறுத்தி, எஞ்சினின் இழுவையைக் குறைக்காமற் சென்றால் வண்டி தானே நிமிரும். பெரும்பாலும் நிமிரும் என்று திருத்திச் சொல்லுதல் நேர்மை.

நிமிராதபோது என்ன செய்வது? பாலைவனத்து ஒட்டகம் படுத்தால் தானே எழும்பும். எமது வண்டி எழும்பாது.

வில்லியம் கிரீக்குக்கு அண்மையிலிருந்து ஐர் ஏரியின் ஹலிகன் குடாவுக்கு ஒரு கிளைப்பாதை பிரிகிறது. அறுபது கிலோமீற்றருக்கு மேல்; பல இடங்களில் ஆழ்மணல். ஏரி என்பது பெயர்தான். அநேக ஆண்டுகளில் அது கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் படிந்த வெண்தரை. டொனால்ட் காம்பெல் 1964இல் மணிக்கு 648 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் காரோட்டிச் சாதனை நிலைநாட்டியது அந்த உப்புத் தரையிலேதான். அதே குடாவில் 1998 டிசம்பரிலே, ஐரோப்பாவிலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணும் அவருடைய துணைவரும் வந்த வாகனம் மணலிற் புதைந்தது. உதவி தேடி அப்பெண் நடந்து புறப்பட்டார். வெப்பத்தில் வழியிலேயே உயிர் நீத்தார். வாகனத்தோடு தங்கிய துணைவர் பிழைத்தார். அப்பாதையில் இறங்கும் எவரும் இதனை அறிந்துகொண்டே இறங்குதல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், மந்தைப் பண்ணையில் வேலைசெய்யும் ஒரு நண்பரோடு நாம் அவ்வழியே சென்றோம். அன்று எமது வண்டி நான்கு முறை மணலிற் சாய்ந்தது. அது அவ்வளவு வியப்பன்று. அத்தகைய மணலிற் சாயாத பாரவண்டியை நாம் கண்டதில்லை. வியப்பு என்னவெனில், முதன்முறை தூக்கியபோது அது பாரமாகவே தோன்றவில்லை. இரண்டாம் முறை பாரமாயிருந்தது. மூன்றாம் முறை தூக்கியபின் மூச்சு வாங்க நெடுநேரம் குந்தியிருந்தோம். நான்காம் முறை வண்டி அசையவில்லை. நண்பர் முன்னே சென்று மறைந்திருந்தார். கைத்தொலைபேசிக்கு அங்கே அலை கிடையாது. ஆபத்து வேளையில் அமுக்கினாற் செய்மதி வழியாக மீட்புப் படையை அழைக்கும் சிறு கருவியொன்று சட்டைப்பையில் இருந்தது. ஆனால் காயமின்றி, தண்ணீரோடு, நிழல்தேடி உட்கார்ந்திருக்கும் ஒருவன் அதனை அமுக்குவது முறையன்று. இருபது நிமிடம் கழித்து நண்பர் திரும்பி வந்தார். இருவருமாகத் தூக்கினோம். அந்த இருபது நிமிடத்திலே எமக்கு ஒன்று தெளிவாயிற்று. இவ்வண்டியை ஓட்டுவதற்கு வேண்டிய ஆற்றல் ஒன்று. முதல் முறை தூக்குவதற்கு வேண்டியது வேறொன்று. களைத்தபின் மீண்டும் மீண்டும் தூக்குவதற்கு வேண்டியது முற்றிலும் வேறொன்று.

வீடு திரும்பி இதனை உணவு வேளையிற் சொன்னபோது, இல்லத்தரசி சோற்றகப்பையைக் கீழே வைத்தார்.

"இஞ்சேருங்கோ, வயது போகப் போக உதைத் தூக்க உங்களுக்குப் பெலன் கூடுமோ, குறையுமோ?"

மறுமொழி இல்லாத கேள்வி. அன்றிலிருந்து எமது இல்லத்திலே ஒரு சட்டம் அமுலுக்கு வந்தது. ஆண்டுக்கொரு முறை, வடக்கே புறப்படுவதற்கு முந்திய மாதம், முற்றத்துப் புல்லிலே வண்டியைச் சாய்த்து வைக்கவேண்டும். பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை தனியாகத் தூக்கி நிறுத்தவேண்டும். முடியாத ஆண்டிலே வண்டி விற்பனைக்கு. நீதிபதி யாரென்று சொல்லத் தேவையில்லை.

தூக்கும் முறையையும் இங்கே எழுதிவைப்பது நல்லது. வண்டி சாய்ந்ததும் முதலில் எஞ்சினை நிறுத்துக. கியரில் விடுக, இல்லையேல் தூக்கும்போது சில்லு உருண்டுவிடும். வலப்பக்கம் சாய்ந்திருந்தால், இடப்பக்கத்துத் தாங்குகாலை முன்கூட்டியே விரித்து வைக்க. அல்லாவிடில் தூக்கிய வண்டி மறுபக்கம் விழும். பின்னர் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இருக்கையின் விளிம்பிலே இடுப்பைப் பொருத்தி, ஒரு கையாற் கைப்பிடியையும் மறு கையாற் பின்சட்டத்தையும் பற்றி, சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். தூக்குவது கையன்று, கால்கள். எமது வண்டியில் எஞ்சினின் இரு உருளைகளும் இருபுறமும் கொம்புபோலப் புடைத்து நிற்பதால், அது முற்றாகத் தரையிற் படுப்பதில்லை. பாதி சாய்வில் உருளைக் காப்பின் மேலே தங்கிவிடும். அடிப்பாகமே மிகக் கடினம். பாதி உயர்ந்தபின் பாரம் விரைவாகக் குறையும். அந்தக் கடினமான அடிப்பாகத்தில் ஒரு பங்கை உருளை எமக்காகச் செய்து தருகிறது.

பேணுதல் பற்றிச் சொல்வதானால், நெளிவுப் பாதையில் ஒரு கிழமை ஓடிய வண்டியில் இறுகியிருந்த ஆணிகள் எல்லாம் தளரத் தலைப்படும். நாம் முக்கியமான ஆணிகளுக்குக் குறுக்கே வெள்ளை மையால் ஒரு கோடு இட்டிருக்கிறோம். கோடு முறிந்திருந்தால் ஆணி அசைந்துவிட்டது என்று பார்த்த மாத்திரத்தே தெரியும். சில்லுக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பானரால் மெல்லத் தட்டிக் கேட்போம். சந்தையிற் பானை வாங்கும் பெண்கள் தட்டிக் கேட்பதுபோல. இறுகிய கம்பி கணீரென்னும். தளர்ந்தது மந்தமாய் ஒலிக்கும். காற்று வடிகட்டியிலே வடநாட்டுச் செம்புழுதி குங்குமம்போல அப்பியிருக்கும். அதனை மாற்றாது விட்டால் எஞ்சின் புழுதியைத் தின்று தேயும். இவ்வண்டிக்குச் சங்கிலி கிடையாது. எஞ்சினின் வலுவைச் சுழல்தண்டு ஒன்று பின்சில்லுக்குக் கொண்டு செல்கிறது. அத்தண்டின் முனையிலுள்ள பற்சக்கரங்கள் குளிப்பது ஒரு தேநீர்க் கோப்பையளவு எண்ணெயிலே. அந்த ஒரு கோப்பையை மறந்தவர் பின்னர் பெரும்பணம் கட்டுவர். 10,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை வால்வுகளின் இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும். உருளைகள் வெளியே நிற்பதனால், முக்காலியில் அமர்ந்தபடியே அவ்வேலையை முடித்துவிடலாம். ஞாயிறு காலையில் இதைவிட இனிய வேலை உலகிலே இருப்பதாக நாம் நம்பவில்லை.

ஒரு வேலைத்தலத்தில் விட்டால் இவற்றையெல்லாம் அவர்களே செய்து தருவார்களே என்பர். செய்து தருவார்கள். ஆயினும் ஊட்நடட்டாவுக்கு இப்புறம் எண்பதாவது கிலோமீற்றரிலே ஏதேனும் கழன்றால், அதை முன்னொரு நாள் தம் கையாற் பூட்டியவரே மீண்டும் பூட்டுவார்.

இந்தப் பழக்கம் எமக்கு வந்தது அவுஸ்திரேலியாவில் அன்று. 1990களின் முற்பகுதியிலே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது எம்மிடம் ஒரு பழைய ஹொண்டா சி-90 இருந்தது. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். புகையும் நாற்றமும் ஒழுங்கை முழுவதும் பரவும். பிளக் அடிக்கடி கரிபிடித்து நின்றுபோகும். கழற்றி, கம்பித் தூரிகையாற் சுரண்டி, ஊதி, மீண்டும் பூட்டுவோம். உதிரிப்பாகம் கிடையாது என்பது உறுதியாகத் தெரிந்தவன் யந்திரத்தின் ஒலியைக் கேட்கும் விதமே வேறு. அந்தக் காது இன்னும் எம்மிடம் இருக்கிறது.

இவ்வாண்டுத் தேர்வு சென்ற மாதம் நடந்தது. எமக்கு வயது 58. முதன்முறை வண்டி எழுந்தது. இரண்டாம் முறை முனகலோடு எழுந்தது. மூன்றாம் முறை பாதி உயர்ந்து நின்றது. அதற்குமேல் முழங்கால்கள் இசையவில்லை. மெல்லக் கீழே விட்டோம். முற்றத்திலே எவரும் பேசவில்லை. அப்போது விறாந்தையில் நின்ற மகள் இறங்கி வந்து, "அப்பா, நீங்கள் கையால இழுக்கிறியள். காலைக் கொஞ்சம் உள்ளுக்கு வையுங்கோ," என்றாள். வைத்தோம். எழுந்தது. பின்னர் மகள் தானும் பார்க்கவேண்டும் என்று கேட்டு, வண்டியைத் திரும்பச் சாய்த்து, 52 கிலோகிராம் நிறையுள்ள அப்பெண் முதல் எத்தனத்திலேயே அதனைத் தூக்கி நிறுத்தினாள். நாம் மகிழ்ந்தோமா நாணினோமா என்று கேட்காதீர்கள்.

மூன்று முறை தூக்கவேண்டும் என்பதே சட்டம். எத்தனை எத்தனத்தில் என்று சட்டம் சொல்லவில்லை என வாதாடினோம். நீதிபதி வாதத்தை ஏற்றார். ஆனால் நிபந்தனைகள் விதித்தார். இருபுறமும் மாட்டும் அலுமினியப் பெட்டிகள் இனி இல்லை, துணிப்பைகளே. பாரம் குறைவது ஒரு காரணம். மணலிற் கால் ஊன்றுகையில் அப்பெட்டிகள் பின்னாலிருந்து வந்து காலை முறித்த கதைகள் உண்டென்பது மற்றொன்று. தாங்கி 33 லீற்றர் கொள்ளும் என்பதற்காக அதனை நிரப்பவும் கூடாது. 200 கிலோமீற்றருக்கு ஓர் ஊர் உள்ள பாதைக்கு 18 லீற்றர் தாராளம். மிச்சம் 11 கிலோகிராம், அதுவும் வண்டியின் உச்சியில் இருக்கும் பாரம். ஹலிகன் குடாப் பக்கம் தனியே திரும்புவதும் இல்லை.

முற்றிலும் மணலிலே திரிய விரும்பும் இளைஞர் எமது வண்டியை வாங்கவேண்டாம். 150 கிலோகிராமுக்குட்பட்ட ஒன்றே அவர்களுக்கு ஏற்றது. எமக்கோ, மணலைத் தொடுமுன்னரே 700 கிலோமீற்றர் தார் வீதி இருக்கிறது. எதிர்க்காற்றிலே அத்தூரம் போய், திரும்பியும் வரவேண்டும். இரண்டையும் செய்யும் யந்திரம் இரண்டிலும் சற்றுக் குறைபடும். அக்குறையை நாம் முழங்காலாற் கட்டி வருகிறோம்.

மகள் ஒரு சிறிய வண்டி பார்த்து வைத்திருக்கிறாள்: 250 கன சென்றிமீற்றர், பழையது, சங்கிலி சற்றுத் தேய்ந்தது. சங்கிலியைத் தானே மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஜூன் மாதம் இருவருமாக மரீ வரை போவதென்று பேச்சு. கொட்டிலிலே எமது புதிய பின் ரயர் சுற்றிய கடதாசியோடு கிடக்கிறது. வடக்கே மழை பெய்து பாதையை மூடினார்களாயின், பயணம் ஜூலைக்குத் தள்ளிப்போகும்.